மூன்று குடத்துக்கு நாலு விரல் குறைவு

அந்தக் கொட்டகையில் எனக்கு முதலில் கோபம் வந்தது ஒரு வார்த்தையின் மேல்தான். பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் போட்டிருந்தார்கள். நேரம், வெயில், அம்மீட்டர், நல்ல தண்ணீர், கழிவு. முதல் நான்குக்கும் எண் எழுத வேண்டும். ஐந்தாவதற்கு ஒரு டிக் போட்டால் போதும். கழிவு போகிறதா, போகிறது. அதற்கு மேல் அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

நான் ரசாயனம் படித்தவள். எழுபதுகளின் பின்பாதியில் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். கூடத்தின் பின்பக்கம், சவுக்கு மரங்களைத் தாண்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதன் முன்னால் இரும்புக் கால்களின் மேல் நாலு சூரியத் தகடுகள். கண்ணாடிக்குக் கீழே, அப்பளம் காயப்போட்ட மாதிரி வட்ட வட்டமாகக் கருநீலச் சில்லுகள். வெயில் பட்டால் அவற்றிலிருந்து மின்சாரம் வரும். அதில் ஒரு சின்ன மோட்டார் ஓடும். மோட்டார் ஒரு பம்பை ஓட்டும். பம்பு கடல் தண்ணீரைப் பயங்கர அழுத்தத்தில் ஒரு சவ்வின் மேல் தள்ளும். உப்பு இந்தப் பக்கமே நின்று மிச்சத் தண்ணீரோடு கழிவாகப் போகும், நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் கசியும். சவ்வு ஒரு நாளும் காயக் கூடாது. காய்ந்தால் செத்துப் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகூட யாராவது வந்து நனைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான்.

கடல் தண்ணீர் பெசன்ட் நகர்க் கரையிலிருந்து பீப்பாயில் வரும். மணலில் வடிகட்டி ஊற்றுவோம். நாள் முழுக்க வெயில் காய்ந்தால் சாயங்காலம் ஒரு குடம் நல்ல தண்ணீர் சேரும். ஒரே ஒரு குடம்.

எனக்குக் குடம் என்றால் என்னவென்று தெரியும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீர் பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும். குடிக்க, சமைக்க, தெருமுனைக் கைப்பம்பு. விடிந்ததும் வரிசை. கோடையில் வீட்டுக்கு இரண்டு குடம் என்று வரிசையில் நிற்பவர்களே சட்டம் போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. அதனால் நான் நின்று, அடித்து, சுமந்து, பிறகு குளித்து, பஸ் பிடித்து, அடையாறு வந்து, அங்கே நாலு தகடும் ஒரு மோட்டாரும் நாள் முழுக்க உழைத்து ஒரு குடம் தருவதைக் கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஒரு நாள் மேலிடத்திலிருந்து குழு ஒன்று பார்க்க வந்தது. எங்கள் தலைவரை எல்லோரும் டாக்டர் என்போம். அவர் லிட்டரிலும் வாட்டிலும் விளக்கம் சொன்னார். குழுவில் வயதான ஒருவர், வேட்டி கட்டியவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்று கேட்டார். டாக்டர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"குடிக்கவும் சமைக்கவும் மூணு குடம் வேணும் சார். இது ஒண்ணுதான் தருது."

என் வாய் அப்படி. டாக்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்து வந்த கடிதத்தில் என் வார்த்தையையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பூஜை விடுமுறை முடிந்து குழு மறுபடி வரும். அன்றைக்கு இதே நாலு தகட்டில், ஒரு பகல் வெயிலில், மூன்று குடம் வர வேண்டும். வராவிட்டால் தகடுகள் வேறு ஊருக்கு, ரேடியோ ஓட்டிப் பார்க்கப் போய்விடும். கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். நான் பழையபடி பெரிய ஆய்வகத்தில் பாட்டில் கழுவப் போக வேண்டும். ஏற்கெனவே மூன்று வருஷம் கழுவியிருந்தேன். மறுபடி கழுவ மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

டாக்டருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இன்னும் எட்டுத் தகடு கேட்டு எழுதினார். தகடா கிடைக்கும்? இருந்த நாலும் யார் யார் காலிலோ விழுந்து வாங்கியது.

கொட்டகையில் என்னோடு இருந்தவர் ஒரு ஃபிட்டர். ஐம்பது வயதிருக்கும். வடபழனியிலிருந்து சைக்கிளில் வருவார். அங்கே ஒரு ஸ்டூடியோவில் படத்துக்கு மழை பெய்விக்கும் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நெனச்ச மாத்திரத்துல மழ பேய வெச்சவன் நானு, இங்க ஒரு கொடத்துக்கு நாள்பூரா காஞ்சிகினு கெடக்கறேன் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டார்.

கழிவுக் குழாயின் முனையில் ஒரு வால்வு உண்டு. அதை இறுக்கி வைத்தால்தான் உள்ளே அழுத்தம் நிற்கும். அதன் வழியாகக் கழிவு சீறிக்கொண்டு வந்து சாக்கடைக்குப் போகும். ஒரு நாள் அந்தச் சீறலைக் கேட்டபடி பதிவேட்டில் டிக் போட்டேன். போட்ட கை நின்றது. இவ்வளவு சீறுகிறதே, இதில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது? அந்தக் குழாயில் அழுத்தம் காட்டும் கேஜே கிடையாது. கழிவுக்கு யார் கேஜ் வைப்பார்கள்?

ஃபிட்டரிடம் சொன்னேன். பழைய கேஜ் ஒன்றை எடுத்து வால்வுக்கு முன்னால் பூட்டினார். மோட்டாரை ஓட்டினோம். அவர் குனிந்து ஒரு முள்ளைப் பார்த்தார், நடந்து போய் மற்றதைப் பார்த்தார், மறுபடி திரும்பி வந்தார்.

"இன்னாமா இது. உள்ள போறதும் வெளிய வரதும் ஒண்ணாக்கீது."

கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்துப் பங்கு தண்ணீரை அழுத்தினால் ஒரு பங்குதான் சவ்வைத் தாண்டுகிறது. மிச்சம் ஒன்பதும் வாங்கின பலத்தைக் கொஞ்சமும் செலவழிக்காமல் வெளியே வருகிறது. அந்தப் பலத்தை வால்வில் கொன்று சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம். வருஷக்கணக்காக. வெயில் போதவில்லை, தகடு போதவில்லை என்று கடிதம் வேறு. எனக்கு வந்த கோபத்தில் பதிவேட்டை மூடி மேஜை மேல் எறிந்தேன்.

"அப்ப இத்தினி நாளா சாக்கடைக்கா மோட்டாரு ஓட்டிகினு இருந்தோம்?" என்றார் ஃபிட்டர்.

அதற்கு என்ன செய்வதென்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பதில் எங்கள் வீட்டுக் கிணற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கிணற்றில் ஒரே ராட்டினத்தில், ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டு இரும்பு வாளி. நிறைந்தது ஏறும்போது காலியானது இறங்கும். வாளியின் கனத்தை வாளியே தூக்கிக்கொள்ளும். நான் தண்ணீரை மட்டும் இழுத்தால் போதும். ஒற்றை வாளிக் கிணற்றில் இறைத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும். இங்கேயும் அதே மாதிரி ஒன்று வேண்டும். ஒரே தண்டில் இரண்டு பிஸ்டன். வெளியே வரும் உப்புத் தண்ணீர் ஒன்றைத் தள்ளட்டும், அந்தத் தள்ளலில் மற்றது உள்ளே போகும் தண்ணீரை அழுத்தட்டும். மோட்டார் குறைவதை மட்டும் போட்டால் போதும்.

ஃபிட்டரிடம் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன். பாதியிலேயே புரிந்துகொண்டார். டாக்டருக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரியவில்லை என்பதைவிட, லேப் அசிஸ்டென்ட் சொல்லிப் புரிந்துகொள்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கணக்குப் போட்டுக் கொண்டு வா என்றார். போட்டேன். சிவப்புப் பேனாவால் திருத்த உட்கார்ந்தார். பேனாவை மூடிவிட்டு, பழைய வால்வைக் கழற்றக் கூடாது, அது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் இதைப் போட்டுக்கொள் என்றார். அதுவே போதும் எனக்கு.

பித்தளைச் சிலிண்டர் கடைய தி. நகருக்குப் போனோம். பனகல் பூங்காவைத் தாண்டி ஒரு சந்தில் ஒரு பாய் லேத் வைத்திருந்தார். என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரே தண்டில் ரெண்டு பிஸ்டன் எதுக்கும்மா, ஜோடி மாடா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் பாய் என்றேன்.

"மாடு ரெண்டும் ஒரே பக்கம் போகும். இது ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. இது புருஷன் பொண்டாட்டி," என்றார்.

ஆனால் வேலை சுத்தம். தண்டு கடைசி வரை போனதும் தானாகத் தண்ணீரின் வழியை மாற்றிவிடும் ஒரு திருப்பானை மூன்று தடவை கடைந்து, இரண்டைத் தூக்கிக் குப்பையில் போட்டு, மூன்றாவதைக் கொடுத்தார். பிஸ்டனுக்கு எண்ணெயில் ஊறின தோல் வாஷர். புரட்டாசியில் மேகமே இல்லாத ஒரு நாள் ஓட்டினோம். மூன்று குடம் நிறைந்து, கூஜாவிலும் கொஞ்சம் பிடித்தோம். அதே நாலு தகடு. அதே மோட்டார். நான் வெள்ளி நைட்ரேட் விட்டு டைட்ரேஷன் செய்து உப்பைப் பார்த்தேன். லேசான கரிப்பு, குடிக்கலாம். ஃபிட்டர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, எங்க தெருத் தண்ணிக்கு இது தேவலாம் என்றார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

கொட்டகையைக் கழுவி, வைஸ், ஸ்பானர், பம்பு, ஃபிட்டரின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரி, சுண்டல், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். டாக்டரும் வந்து கும்பிட்டார். எல்லாம் முடிந்த பிறகு ஃபிட்டருக்கு ஞாபகம் வந்தது.

"தகடுக்கும் வைமா. அதுதான இங்க ஒழைக்குது. உன் கையால வை."

ஸ்டூல் போட்டு ஏறி, நாலு தகட்டுக்கும் நட்ட நடுவில் மூன்று விரலால் தாராளமாகச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அன்றும் மறுநாளும் எதையும் ஓட்டவில்லை. சவ்வை மட்டும் நனைத்தோம். மூன்றாம் நாள் ஓட்டினால் சாயங்காலம் ஒரு குடம்கூட நிறையவில்லை. வெயில் சுட்டெரித்த நாள். அடுத்த நாளும் அப்படியே. குழு வர இன்னும் நாலு நாள்.

டாக்டர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு நாள் வேலை செய்வது பெரிதில்லை, தினமும் செய்ய வேண்டும், அந்தப் பித்தளையைக் கழற்றிவிட்டு வால்வுக்கே போய்விடலாம், தகட்டுக்கு மறுபடி எழுதிப் பார்க்கிறேன் என்றார். நான் கழற்றினேன். ஆனால் வால்வுக்குப் போக அல்ல. நானும் ஃபிட்டரும் இரண்டு தடவை அதைப் பிரித்தோம். தோல் வாஷர் சரி. தண்டு சரி. திருப்பான் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. எதுவும் இறுகவில்லை. திரும்பப் பூட்டி ஓட்டினால் அதே சவலை ஓட்டம்.

மத்தியானம் சாப்பிடாமல் பதிவேட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அம்மீட்டர் கட்டத்தில், தகட்டிலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறதென்று, என் கையெழுத்தில் நானே எழுதின எண்கள். பூஜைக்கு முன்னால் ஒரு மாதிரி, பூஜைக்குப் பின்னால் அதில் பாதிகூட இல்லை. இரண்டு நாளாக எழுதியிருக்கிறேன், படிக்கவில்லை. எல்லோரும் புதுச் சாமானைக் குற்றம் சொன்னார்கள், நானும் அதையே பிரித்துக்கொண்டிருந்தேன். பிஸ்டன் இறுகியிருந்தால் மோட்டார் திணறும், அம்மீட்டர் முள் ஏறும். இது இறங்கியிருந்தது. மோட்டாருக்கு வயிற்றுவலி இல்லை. அதற்குச் சோறே போடவில்லை.

வெளியே வந்தேன். தகடுகள் பளபளவென்று இருந்தன. ஃபிட்டர் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பார். கடல் காற்றின் உப்புப் படியக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. அன்றைக்கும் துடைத்திருந்தார். பொட்டைச் சுற்றித் துடைத்திருந்தார். நான் வைத்த நாலு பொட்டும் காய்ந்து, ஒவ்வொரு தகட்டிலும் நடுச்சில்லை முக்கால்வாசி மூடிக்கொண்டு அப்படியே இருந்தன.

சில்லுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்றின் வழியாகத்தான் அடுத்ததற்கு மின்சாரம் போக வேண்டும். ஒன்று அடைத்தால் அந்த வரிசையே அடைபடும். எங்கள் தெருமுனைப் பம்பில் ஒருத்தி குடத்தை நகர்த்தாமல் கதை பேசினால் பின்னால் இருபது பேர் நிற்பதில்லையா, அதேதான். இதைப் புத்தகத்தில் படித்தவள் நான். பொட்டு வைத்தவளும் நான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். துணியை எடுத்தேன். அவர் என் கையைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"வெச்ச பொட்ட அழிக்கக் கூடாதுமா. அதுவும் வெள்ளிக்கெழம. அதுவா உதுந்தா உதுரட்டும்."

எனக்கு நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பது வேறு கதை. மூன்று நாளில் குழு வருகிறது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தேன். முதலில் ஒவ்வொரு தகட்டின் மரச்சட்டத்திலும் புதுப்பொட்டு வைத்தேன்.

"அழிக்கல அண்ணே. எடம் மாத்துறேன். போய் முள்ளப் பாருங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். நான் முதல் தகட்டைத் துடைத்தேன். முள் அசையவில்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பாத்தியா, நான் சொன்னேனில்ல என்றும் வந்தது. பிறகு புரிந்தது. இரண்டு இரண்டு தகடாகக் கோத்திருந்தோம். ஜோடியில் இன்னொன்று அடைத்திருக்கும் வரை முதலாவது என்ன செய்யும்? இரண்டாவதைத் துடைத்தேன்.

உள்ளேயிருந்து ஃபிட்டர் மெதுவாகச் சொன்னார். "ஏறிச்சுமா."

மற்ற இரண்டையும் துடைத்ததும் மோட்டாரின் சத்தமே மாறிவிட்டது.

டாக்டரிடம் நானே போய், பொட்டு வைத்தது நான்தான் என்று சொன்னேன். நானும் தினம் அந்த வழியாகத்தானே வந்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டு போனேனே தவிர யோசிக்கவில்லை என்றார். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போயிற்று. மீதியை வைத்துக்கொண்டேன், வேண்டியிருந்தது.

குழு வந்த அன்று காலையிலேயே வெயில் சரியில்லை. கடல் பக்கமிருந்து மேகம் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. குழுவினர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்கள். வேட்டி கட்டியவரிடம் போய், பகல் முடிகிற வரை எண்ணினால்தான் கணக்கு, சாயங்காலம் வாருங்கள் என்றேன். வருவதாகச் சொன்னார். பதினோரு மணிக்கு முதல் குடம். இரண்டரைக்கு இரண்டாவது. அதன் பிறகு வெயில் வருவதும் போவதுமாக, மோட்டார் இழுத்து இழுத்து ஓடியது. வெயில் சாய்ந்து மோட்டார் நின்றபோது மூன்றாவது குடம் கழுத்துக்கு நாலு விரல் குறைவாக இருந்தது.

கார் வரும் சத்தம் கேட்டது. டாக்டர் ஃபிட்டரிடம் ஏதோ முணுமுணுத்தார். ஃபிட்டர் ஆபீஸ் பானைத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டு வந்தார். ஊற்றாமல் என்னைப் பார்த்தார். நான் குடத்தின் வாயைக் கையால் மூடினேன்.

"ஊத்தினா டைட்ரேஷன் பண்ணிக் காட்டிடுவேன் சார். எது கடல், எது குழாய்னு அதுவே சொல்லிடும்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஃபிட்டர் சொம்புத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டார்.

வேட்டி கட்டியவர் மூன்றாவது குடத்துக்குள் விரலை விட்டு அளந்தார். மூணுன்னு சொன்னியேம்மா என்றார்.

"நாலு விரல் குறையுது சார். பாதி மேகத்தால. மீதி எங்க போச்சுன்னு இன்னும் தெரியல."

இந்தப் பித்தளை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். சாயங்காலத்தில் அதைக் காட்ட வெயில் இல்லை. பதிவேட்டைக் கொடுத்தேன். பழைய பக்கங்கள், ஒரு குடம், ஒரு குடம், ஒரு குடம். பிறகு பூஜைக்குப் பிந்தின பக்கங்களையும் நானே திருப்பிக் காட்டி, பொட்டு விஷயத்தையும் சொன்னேன். மறைத்தால் நாளைக்கு வேறொருவர் வேறொரு ஊரில் இதே பொட்டை வைப்பார். அவர் சிரிக்கவில்லை. தகட்டுச் சட்டத்தில் இருந்த பொட்டைப் போய்ப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, முகம் சுளித்து, முழுவதும் குடித்தார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அடுத்த கோடை முடியும் வரை தகடுகள் இங்கேயே இருக்கலாம். மூன்று குடம் என்ற நிபந்தனை அப்படியே இருந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

நான் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. குழு வந்துபோன மறுநாள் காலையிலேயே கொட்டகைக்கு வந்துவிட்டேன். ஃபிட்டர் தகடு முழுவதையும் துடைத்துவிட்டுச் சட்டத்துப் பொட்டை மட்டும் விட்டிருந்தார். பதிவேட்டில் கழிவு என்ற வார்த்தையை அடித்துவிட்டு, திரும்பும் தண்ணீர் என்று எழுதினேன். கட்டத்தில் எண்ணும் எழுதினேன். மோட்டாரை ஓட்டச் சொல்லிவிட்டுத் தரையில் படுத்து, பித்தளைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். திருப்பானின் கழுத்தில் ஒரு சொட்டு கூடி, விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதன் கீழே ஒரு டம்ளரை வைத்துவிட்டு, ஸ்பானர் கேட்டுக் கையை வெளியே நீட்டினேன்.